தண்ணீர் மீட்டர் யாருக்காகச் சுற்றுகிறது?

கடந்த ஆண்டு ஒரு மாதம் எங்கள் வீட்டுத் தண்ணீர் பில் ஏறக்குறைய இரண்டு மடங்காக வந்தது. வீட்டில் ஒருவரையொருவர் சந்தேகப்பட ஆரம்பித்தோம். பையன் குளியலறைக்குள் போனால் வெளியே வருவதே இல்லை என்றார் அம்மா. பாட்டிதான் பூச்செடிகளுக்கு அளவில்லாமல் ஊற்றுகிறார் என்றான் பையன். நானோ, மீட்டர் பழுதாகிவிட்டது என்று முடிவே கட்டிவிட்டேன்.

மூன்றாம் படிவத்தில் படிக்கும் மகள்தான் வழி சொன்னாள். "எல்லாக் குழாயையும் மூடிட்டு, மேல்தொட்டி நிரம்பினதும் மீட்டரைப் போய்ப் பாருங்கப்பா."

கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த மீட்டரின் மூடியை நான் திறந்து பார்த்ததே இல்லை. தூசியைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், முகப்பில் இருந்த சின்னச் சக்கரம் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. வீட்டில் ஒரு குழாய்கூடத் திறந்திருக்கவில்லை. அரை மணி நேரம் கழித்துப் பார்த்தபோது 15 லிட்டர் கூடியிருந்தது. பின்பக்கக் கழிப்பறையின் ஃபிளஷ் தொட்டியில் ரப்பர் தேய்ந்து, தண்ணீர் சத்தமில்லாமல் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அரை மணி நேரத்துக்கு 15 லிட்டர் என்றால் நிமிடத்துக்கு அரை லிட்டர். ஒரு நாளைக்கு 720 லிட்டர். முப்பது நாளுக்கு 21,600 லிட்டர். ஒரு கன மீட்டர் என்பது 1,000 லிட்டர், ஆக, 21.6 கன மீட்டர். ஒரு சிறிய குடும்பம் மாதம் முழுவதும் பயன்படுத்தும் தண்ணீர் இது. ஒரு குவளைகூட யாருக்கும் பயன்படாமல் சாக்கடைக்குப் போய்விட்டது. நான் குற்றம் சாட்டிய மீட்டர்தான் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. நாங்கள்தான் போய்ப் பார்க்கவில்லை.

பில் போடுவதற்காக வைத்த கருவி என்றுதான் நாம் மீட்டரை நினைக்கிறோம். அதைவிட முக்கியமான வேலை ஒன்று அதற்கு உண்டு என்பது என் கருத்து. அதைப் புரிந்துகொள்ள, மீட்டரே இல்லாமல் இருந்து, பிறகு அதைப் பொருத்திய ஓர் ஊரைப் பார்ப்போம்.

மீட்டர் வந்த ஊர்

மீட்டர் இல்லாத வீடு என்றால் மலேசிய மாணவர்களுக்கு வியப்பாக இருக்கும். ஆனால் இங்கிலாந்து, நியூசிலாந்து, கனடா போன்ற நாடுகளில் இன்றும் அப்படிப்பட்ட வீடுகள் உண்டு. அங்கே தண்ணீருக்கான பணம் பெரும்பாலும் ஒரே தொகையாக வாங்கப்படும். ஒரு நாளைக்கு 100 லிட்டர் பயன்படுத்தினாலும் 1,000 லிட்டர் பயன்படுத்தினாலும் கட்டணம் ஒன்றுதான்.

நியூசிலாந்தின் தலைநகர் வெலிங்டனுக்கு வடக்கே காப்பிட்டி கடற்கரை என்னும் வட்டாரம் இருக்கிறது. 50,000-க்கும் மேற்பட்டோர் வாழும் சிறிய ஊர்களின் தொகுப்பு அது. வைக்கனே என்னும் ஆறு அங்கே முக்கிய நீராதாரம். மாவோரி மொழியில் 'வை' என்றாலே தண்ணீர்தான். கோடை வந்தால் ஆற்றில் நீர் குறையும். அதே நேரத்தில் தோட்டங்களுக்குத் தண்ணீர் கூடுதலாகத் தேவைப்படும். மக்கள்தொகையும் வளர்ந்துகொண்டிருந்தது.

இரண்டு வழிகள் இருந்தன. பெரும் செலவில் அணை கட்டி நீரைச் சேமிப்பது ஒன்று. முதலில் பயன்பாட்டைக் குறைத்துப் பார்ப்பது இன்னொன்று. மன்றம் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தது. ஒவ்வொரு வீட்டு எல்லையிலும் மீட்டர் பொருத்தப்பட்டது. 2014 ஜூலை முதல், பயன்படுத்தும் அளவுக்கேற்பக் கட்டணம் நடைமுறைக்கு வந்தது.

மக்கள் கைதட்டி வரவேற்கவில்லை. கடும் வாக்குவாதம் நடந்தது. மழையாகப் பெய்யும் தண்ணீருக்கு ஏன் கணக்கு என்று கேட்டார்கள். இன்று மீட்டர் வைப்பவர்கள் நாளைக்குத் தண்ணீரைத் தனியாரிடம் விற்றுவிட மாட்டார்களா என்று அஞ்சினார்கள். பிள்ளைகள் நிறைந்த குடும்பம் என்ன செய்யும் என்று கேட்டார்கள். இவை எதுவும் முட்டாள்தனமான கேள்விகள் அல்ல. பின்னால் இவற்றுக்கு வருகிறேன்.

மீட்டர் வந்த பிறகு அந்த வட்டாரத்தின் நீர்ப் பயன்பாடு ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது. காசு போகிறதே என்று எல்லாரும் சிக்கனமாகிவிட்டார்கள் என்று நினைக்கத் தோன்றும். அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் இன்னொரு காரணமும் இருந்தது. வீட்டு எல்லைக்குள் புதைந்திருந்த குழாய்களில் நானூறுக்கும் மேற்பட்ட கசிவுகளை மீட்டர்கள் காட்டிக் கொடுத்தன. அந்த வீட்டுக்காரர்கள் யாரும் வேண்டுமென்று தண்ணீரை வீணாக்கவில்லை. மண்ணுக்கடியில் நடப்பது அவர்களுக்குத் தெரியவே இல்லை. என் வீட்டு ஃபிளஷ் தொட்டியைப் போலத்தான்.

உள்ளே என்ன நடக்கிறது?

மீட்டர் எப்படி அளக்கிறது? ஒரு வகை மீட்டருக்குள் சிறிய அறை ஒன்றும் அதில் சுழலும் பிஸ்டனும் இருக்கும். ஒரு சுற்றுக்கு இவ்வளவு தண்ணீர் என்று அறையின் கொள்ளளவு நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. எத்தனை முறை சுற்றியது என்று எண்ணினால் போதும். இன்னொரு வகையில் தண்ணீர் பாயும் வேகம் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றும். புதிய வகை ஒன்றில் அசையும் பாகமே கிடையாது. அது மீயொலி அலையை நீரோட்டத்தின் திசையிலும் எதிர்த்திசையிலும் அனுப்புகிறது. ஓட்டத்தோடு போகும் அலை சற்று முன்னதாகச் சேரும். எதிர்த்துப் போகும் அலை சற்றுத் தாமதமாகச் சேரும். அந்த நேர வேறுபாட்டிலிருந்து வேகத்தைக் கணக்கிடுகிறது.

எந்த வகையானாலும் ஒரு குறை உண்டு. மிக மெதுவான ஓட்டத்தை மீட்டரால் சரியாக உணர முடியாது. பழசாகித் தேய்ந்த மீட்டர் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். இந்தக் குறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதுவும் பின்னால் தேவைப்படும்.

ஒரு கழித்தல் கணக்கு

இப்போது என் முக்கியக் கருத்துக்கு வருகிறேன். ஓர் ஊரின் நீர் நிர்வாகத்துக்கு மிகத் தேவையான கணக்கு, தொடக்கப்பள்ளியில் படித்த கழித்தல்தான். சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறிய நீர் எவ்வளவு? எல்லா வாடிக்கையாளர்களின் மீட்டர்களும் காட்டிய மொத்தம் எவ்வளவு? முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால், வழியில் காணாமல் போனது எவ்வளவு என்று தெரியும்.

வீட்டில் மீட்டர் இல்லை என்றால் இரண்டாவது எண் கிடையாது. இரண்டாவது எண் இல்லை என்றால் கழிக்க முடியாது.

காப்பிட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கும் வெலிங்டனில் பெரும்பாலான வீடுகளுக்கு மீட்டர் இல்லை. அண்மை ஆண்டுகளில் அங்கே 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட நீர் கசிந்து போவதாக மதிப்பிட்டார்கள். 2024 தொடக்கத்தில் கோடைக்காலத் தண்ணீர்ப் பற்றாக்குறை பெரிய கவலையாகிவிட்டது. 'மதிப்பிட்டார்கள்' என்ற சொல்லைக் கவனியுங்கள். மீட்டர் இல்லாத ஊரில் கசிவைக் கணிக்கப் பொறியாளர்கள் பொதுவாக ஒரு நல்ல உத்தியைக் கையாள்வார்கள். நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் ஊரே தூங்கும். அப்போதும் பெரிய குழாயில் தண்ணீர் வேகமாக ஓடினால், அதில் பெரும்பகுதி கசிவாகத்தான் இருக்க வேண்டும். புத்திசாலித்தனமான வழிதான். ஆனால் கசிவது சாலைக்கடியிலா, வீட்டு முற்றத்துக்கடியிலா என்று அது சொல்லாது. யார் வீட்டு முற்றம் என்றும் சொல்லாது.

ஆகவே, வீட்டுக்கு மீட்டர் வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. அதற்கு நான் சொல்லும் முதல் காரணம், இந்தக் கழித்தல் கணக்கு. பணம் வசூலிப்பது அதற்கு அடுத்ததுதான்.

பில் இல்லாமல் மீட்டர்?

அளப்பதும் பணம் கேட்பதும் ஒன்றா? இல்லை. இதை அயர்லாந்தின் அனுபவம் காட்டுகிறது. அங்கே 2013 முதல் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு மீட்டர் பொருத்தினார்கள். தண்ணீருக்குக் கட்டணம் என்ற அறிவிப்பை எதிர்த்து 2014-இல் பெரும் கூட்டம் தெருவில் இறங்கியது. 2016-இல் கட்டணம் நிறுத்தி வைக்கப்பட்டது, பிறகு கைவிடப்பட்டது. ஆனால் மீட்டர்கள் பயனற்றுப் போய்விடவில்லை. விடாமல் தண்ணீர் ஓடும் வீடுகளை அவை காட்டின. அப்படிப்பட்ட வீடுகளின் கசிவை முதல் முறை இலவசமாகச் சரிசெய்யும் திட்டமும் வந்தது. பில் போகாத வீட்டிலும் மீட்டர் வேலை செய்தது.

இதனால் தண்ணீரை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆற்று நீரைச் சுத்திகரிக்கவும், மேட்டுக்கு ஏற்றவும், குழாய்களைப் பழுதுபார்க்கவும் பணம் வேண்டும். ஆனால் தண்ணீர் வேறு பொருள்களைப் போன்றதல்ல. 2010 ஜூலையில் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை, தூய குடிநீரை மனித உரிமையாக ஏற்றுக்கொண்டது. அடிப்படைத் தேவைகளுக்கு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 100 லிட்டர் வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அந்த அளவுக்கு யாரும் பயந்து பயந்து குழாயைத் திறக்கும் நிலை வரக்கூடாது.

சிலாங்கூரில் 2008 முதல் வீடுகளுக்கு மாதம் 20 கன மீட்டர் இலவசமாகக் கிடைத்தது. 2020 முதல் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மட்டும் என்று அது மாற்றப்பட்டது. வசதியுள்ள வீட்டுக்கு இலவசம் எதற்கு என்ற வகையில் அது சரியான மாற்றம்தான். வசதியில்லாத வீட்டுக்கு அந்த அடிப்படை அளவு தொடர வேண்டும் என்பதும் சரிதான்.

ஆனால் காப்பிட்டி மக்கள் கேட்ட பெரிய குடும்பக் கேள்வி இன்னும் மிச்சமிருக்கிறது. தீபகற்ப மலேசியாவின் வீட்டுக் கட்டணம் பொதுவாக மூன்று படிகளில் ஏறும். முதல் 20 கன மீட்டர் மலிவு. 35 வரை அதைவிடக் கூடுதல். அதற்கு மேல் இன்னும் கூடுதல். இப்போது இரண்டு வீடுகளை எண்ணிப் பாருங்கள். ஒரு வீட்டில் தாத்தா பாட்டி உட்பட ஏழு பேர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 110 லிட்டர்தான் பயன்படுத்துகிறார்கள். மாதத்துக்கு 23.1 கன மீட்டர். இரண்டாம் படிக்குப் போய்விடுகிறார்கள். இன்னொரு வீட்டில் ஒரே ஒருவர். தினமும் 300 லிட்டர் செலவழிக்கிறார். மாதத்துக்கு 9 கன மீட்டர். முதல் படியிலேயே இருக்கிறார். சிக்கனக் குடும்பத்துக்கு உயர்ந்த விலை. வீணாக்குபவருக்கு மலிவு விலை.

மீட்டர் வீட்டை அளக்கிறது; ஆளை அளப்பதில்லை. இது கருவியின் பிழையன்று, கட்டண அட்டவணையின் பிழை. குடும்பத்தில் எத்தனை பேர் என்று பதிந்துகொண்டு படியின் எல்லையை நகர்த்தலாம். வாடகை வீடுகளில் ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள், சரிபார்ப்பது சிரமம் என்று அதிகாரிகள் சொல்லலாம். சிரமம்தான். ஆனால் செய்ய முடியாத காரியமல்ல.

குழாய்க்கும் கணக்கு வேண்டும்

நம் நாட்டில் கழித்தல் கணக்கு என்ன சொல்கிறது? சுத்திகரித்து அனுப்பப்படும் நீரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பில்லுக்கு வந்து சேருவதில்லை. இதை 'வருவாய் தராத நீர்' என்பார்கள். பெர்லிஸ் மாநிலத்தில் பாதிக்கும் மேல் இப்படிப் போகிறது. இது எல்லாமே கசிவு அல்ல. திருட்டு இணைப்புகள் உண்டு. முன்பு நினைவில் வைக்கச் சொன்ன பழைய மீட்டர்கள் குறைத்துக் காட்டுவதும் இதில் சேரும். ஆனாலும் பெரும் பங்கு கசிவுதான். பல்லாயிரம் கிலோமீட்டர் நீளத்துக்குப் பழைய ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டுக் குழாய்கள் இன்னும் மண்ணுக்கடியில் கிடக்கின்றன.

இன்னொரு பக்கத்தையும் மறைக்கக்கூடாது. மலேசியர் ஒருவர் வீட்டில் ஒரு நாளைக்கு 200 லிட்டருக்கும் மேல் பயன்படுத்துகிறார். சிங்கப்பூரில் 2023-இல் அது 141 லிட்டர். நாம் குறைக்க வேண்டியது நிறைய இருக்கிறது. குளிக்கும்போது குழாயை மூடு, பல் துலக்கும்போது குவளை வை என்று பள்ளியில் சுவரொட்டி ஒட்டுகிறோம். நல்லதுதான்.

ஆனால் தாமான் முனையில் குழாய் உடைந்து, சாலையோரம் நாள்கணக்கில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்குப் போகும் மாணவனுக்கு அந்தச் சுவரொட்டி எப்படித் தோன்றும்? "என் குவளையை மட்டும் ஏன் எண்ணுகிறீர்கள்?" என்று அவன் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. வீட்டை அளப்பவர்கள் தங்கள் குழாயையும் அளந்து, அந்த எண்ணை வெளியே சொல்ல வேண்டும்.

அதற்கு நான் ஓர் எளிய யோசனையை வைக்கிறேன். மாதாந்திரத் தண்ணீர் பில்லில் இரண்டு எண்களை அச்சிடலாம். ஒன்று, உங்கள் வீடு பயன்படுத்தியது. இன்னொன்று, உங்கள் வட்டாரத்துக்கு அனுப்பிய நீரில் காணாமல் போன பங்கு. வட்டார அளவில் பெரிய மீட்டர் வைத்துக் கசிவைத் தேடும் முறை நம் நாட்டிலும் உண்டு. அந்த எண்ணை மக்களுக்குக் காட்டுவதுதான் பாக்கி. தன் வீட்டு எண்ணைக் குறைக்கும் குடும்பம், மற்ற எண்ணும் குறைகிறதா என்று பார்க்கத் தொடங்கும்.

சிங்கப்பூர் இன்னொரு படி மேலே போயிருக்கிறது. 2022 முதல், முதல் கட்டமாக 3 லட்சம் திறன் மீட்டர்களைப் பொருத்தும் பணி தொடங்கியது. ஆள் வந்து படிக்கத் தேவையில்லை. கம்பியில்லா அலைவழியே அளவு போய்ச் சேரும். கசிவு இருப்பதாகத் தெரிந்தால் வீட்டுக்கு எச்சரிக்கை வரும். முன்னோட்டச் சோதனைகளில் சராசரியாக 5 விழுக்காடு நீர் மிச்சமானது. எனக்கிருந்த நிலை அந்த வீடுகளுக்கு வராது. மாதம் முழுவதும் காத்திருந்து பில்லைப் பார்த்து அதிர வேண்டியதில்லை. ஆனால் ஒரு வீட்டில் தண்ணீர் ஓடும் நேரம் தெரிந்தால், அங்கே ஆள் இருக்கும் நேரமும் தெரியும். அந்தத் தகவலை யார், எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்பதற்குத் தெளிவான விதி இருக்க வேண்டும். நம் ஊருக்கும் அந்த மீட்டர்கள் வரும்போது இந்தக் கேள்வியைக் கேட்கத் தவறாதீர்கள்.

இன்றிரவே செய்யலாம்

அதுவரை காத்திருக்க வேண்டாம். இன்றிரவு படுக்கப் போகும் முன், மேல்தொட்டி நிரம்பிய பிறகு, மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கறுப்பு எண்கள் கன மீட்டரைக் காட்டும். சிவப்பு எண்கள் அதற்கும் குறைந்த லிட்டர்களை. காலையில் யாரும் குழாயைத் திறப்பதற்கு முன் எழுந்து மீண்டும் பாருங்கள். இரவில் யாராவது கழிப்பறைக்குப் போயிருந்தால் அதைக் கழித்துவிடுங்கள். மிச்சம் பெரிய எண்ணாக இருந்தால் எங்கோ கசிகிறது.

அடுத்து, ஃபிளஷ் தொட்டியில் சில சொட்டுச் சமையல் வண்ணத்தை விடுங்கள். அரை மணி நேரம் யாரும் ஃபிளஷ் செய்யாமல் இருந்தும் கீழே கிண்ணத்தில் நிறம் தெரிந்தால், ரப்பரை மாற்ற வேண்டும். எனக்கு அந்த ரப்பர் சில ரிங்கிட்தான் ஆனது.

பிறகு மாத பில்லை எடுத்து, வீட்டில் உள்ளவர்களின் எண்ணிக்கையாலும் நாள்களாலும் வகுத்துப் பாருங்கள். உங்கள் வீட்டில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் என்று தெரிந்துவிடும். அந்த எண் கையில் இருக்கும் மாணவர், தாமான் முனையில் ஓடும் தண்ணீரைப் பற்றிப் புகார் செய்யும்போது, "உங்கள் எண் எவ்வளவு?" என்று தைரியமாகக் கேட்கலாம்.

எங்கள் வீட்டில் இப்போது மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மீட்டரைப் படிப்பது மகளின் வேலை. மூடியில் தூசி சேருவதில்லை.